பழைய சினிமா போஸ்டர் ஏலம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

போன இதழ்ல டிராகுலா போஸ்டர் ஏலம் போன கதைய எழுதினதும் மெயில்லயும் தபால்லயும் கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி கேட்டவங்கள ஒண்ணா சேத்து பதில் சொல்றேன். பேரு போட வேணாம்னு பல பேர் சொன்னதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

கேள்வி: டிராகுலா போஸ்டர் கோடிக்கணக்குல போச்சுன்னு எழுதியிருந்தீங்க சார். படத்தையே செல்போன்ல பாத்துடலாம். ஒரு பேப்பருக்கு ஏன் இவ்ளோ விலை? (வேளச்சேரி வாசகர்)

மிச்சம் இல்லாததுதான் காரணம் சார். பெலா லுகோசி நடிச்சு யுனிவர்சல் 1931-ல வெளியிட்ட படம் அது, அதோட ஒன் ஷீட் (தியேட்டர்ல மாட்டுற வழக்கமான அளவு) போஸ்டர் 2017 நவம்பர்ல டல்லாஸ் ஏல கம்பெனி ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ்ல 5,25,800 டாலருக்குப் போச்சு, அன்னைக்கு ரேட்ல 3 கோடி ரூபாய்க்கும் மேல. அந்தக் காலத்துல போஸ்டர யாரும் கடையில விக்கல, விநியோக ஆபீஸ்ல இருந்து தியேட்டர்காரர் வாங்கிட்டுப் போவாரு, படம் ஓடி முடிஞ்சா திருப்பிக் குடுக்கணும், அது அடுத்த ஊருக்குப் போகும், கிழிஞ்சா குப்பைக்குப் போகும், வெளியில சுவத்துல ஒட்டினது மேல அடுத்த வாரம் இன்னொரு படம் ஏறிடும். அது போக ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பழைய பேப்பர் சேகரிப்புனு ஊரு ஊரா கட்டு கட்டா அள்ளிட்டாங்க. இதையெல்லாம் தாண்டி தப்பிச்சது எங்கேயோ பரண்லயும் பழைய வீட்டுச் சுவருக்குள்ளயும் அடைஞ்சு கிடந்ததுதான்.

பென்சில்வேனியாவுல பெர்விக்னு ஒரு சின்ன ஊர், அங்க ஒரு பரண்ல 33 போஸ்டர் ஒண்ணு மேல ஒண்ணா பசை போட்டு ஒட்டிக் கட்டியா கிடைச்சுது. தண்ணி, நீராவின்னு பக்குவமா பிரிச்சு எடுத்து 2012 மார்ச்ல ஹெரிடேஜ் ஏலத்துல விட்டாங்க, எல்லாம் சேந்து 5 லட்சம் டாலரைத் தாண்டுச்சு. டிராகுலாவ எடுத்த டாட் பிரௌனிங்தான் 1927-ல ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’னு ஒரு பேய்ப்படம் எடுத்தாரு. அந்தப் படத்தோட பிரிண்ட் இன்னைக்கு உலகத்துல எங்கயும் இல்ல, ஆனா போஸ்டர் ஒண்ணு இருந்துச்சு, அது 2014 நவம்பர்ல 4,78,000 டாலர். படமே அழிஞ்ச பிறகு அதுக்கு சாட்சியா நிக்கிற காகிதம்னு நினைச்சுப் பாருங்க, எனக்கு அந்த விலை பெருசாத் தெரியல.

கேள்வி: ஏலத்துல 400 டாலருக்கு ஜெயிச்சேன், பில்லு 500-க்கு வந்துச்சு. ஏமாத்திட்டாங்களா அண்ணா? (கோவை வாசகர்)

ஏமாத்தல தம்பி, விதிமுறைய நீங்க படிக்கல. ஏலத்துல நீங்க கேட்ட விலை (பிட்) சுத்தியல் விலை மட்டும்தான், அதுக்கு மேல பையர்ஸ் பிரீமியம்னு ஏல கம்பெனி தன் பங்க சேக்கும். இப்போ பல இடத்துல 20-லேருந்து 25 சதவீதம், சில இடத்துல அதுக்கும் மேல. சின்ன லாட்டா (ஒரே நம்பர்ல ஏலம் விடுற சரக்கு) இருந்தா சதவீதத்த விட்டுட்டு குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு ஒரு தொகை போடுவாங்க, 20 டாலர் லாபி கார்டுக்கு (தியேட்டர் உள்ள மாட்டுற சின்ன அட்டைப் படம்) அந்தத் தொகையே கார்டு விலைய விட அதிகமா வந்து நிக்கும். மேல சொன்ன டிராகுலாவையே பாருங்க, சுத்தியல் விலை 4,40,000, அதுக்கு 19.5 சதவீதம்னா 85,800, கூட்டிப் பாத்தா பேப்பர்ல வந்த அதே 5,25,800. அதனால ரெக்கார்டு விலைன்னு எங்க படிச்சாலும் அதுல பெரும்பாலும் பிரீமியம் சேந்தே இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, பழைய விலையோட உங்க பிட்ட ஒப்பிடுறப்போ இது ரொம்ப முக்கியம்.

உங்க கணக்கும் அங்கேயே முடியல. 400 கூட 25 சதவீதம், 500. அனுப்புற செலவு 70-னு வெச்சா 570. கார்டுல டாலர் கட்டினா பேங்க் 3.5 சதவீதம் எடுத்தா இன்னொரு 20. ஆக 590, இன்னும் கஸ்டம்ஸ் வரியே வரல. அதனால தலைகீழா கணக்கு போடுங்க, எல்லாம் சேந்து கஸ்டம்ஸுக்கு முன்னாடி 500 டாலர்தான் என் கையிருப்புன்னா 330-ல நின்னுடணும். அந்த நம்பர ஏலத்துக்கு முந்தின நாளே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, ஏலம் நடக்கிறப்போ யோசிச்சுக்கலாம்னு விட்டா மூணாவது தரம் சொல்றதுக்குள்ள கை தானா அடுத்த பட்டன அமுக்கிடும்.

பிராக்ஸி பிட் போடுறது பத்தியும் பல பேர் கேட்டிருந்தீங்க. உங்க உச்ச விலைய முன்னாடியே குடுத்து வெச்சா, எதிராளி ஏத்த ஏத்த சிஸ்டம் உங்களுக்காக ஒரு படி மேல ஏத்தும், முழுத்தொகையையும் ஒரேடியா போடாது. நடுராத்திரி அமெரிக்க நேரத்துக்கு முழிச்சிருக்க முடியாத நமக்கு இது நல்ல வழி. கடைசி நிமிஷத்துல யாராவது பிட் போட்டா நேரத்த நீட்டிக்கிற ஏலமும் இருக்கு, அங்க கடைசி நொடியில போட்டு அள்ளிடலாம்ங்கிற கணக்கு வேலைக்காகாது.

கேள்வி: ‘கான் வித் த விண்ட்’ ஒரிஜினல் போஸ்டர் ஒண்ணு ஏலத்துக்கு வந்திருக்கு. கிளார்க் கேபிள் விவியன் லீய தூக்கிட்டு நிப்பாரு, பின்னாடி ஊரே எரியும். 1939 படத்துக்கு தொடக்க விலை ரொம்ப கம்மியா இருக்கே, பாயலாமா? (திருச்சி வாசகி)

பாயாதீங்க மேடம், முதல்ல கீழ் ஓரத்த ஜூம் பண்ணுங்க. நீங்க சொல்ற அந்த நெருப்பு ஓவியம் 1967-ல படத்த 70 எம்.எம்-ல திரும்ப விட்டப்போ ஹோவர்ட் டெர்ப்னிங் வரைஞ்சது. அந்தப் படம் நிறைய தடவ மறு ரிலீஸ் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் புதுசா போஸ்டர் அடிச்சாங்க. 67 போஸ்டர் ஒண்ணும் போலி இல்ல, தியேட்டருக்காகவே அடிச்ச அசல் போஸ்டர்தான், ரொம்ப அழகும் கூட. ஆனா அது 1939 இல்ல.

இத கண்டுபிடிக்க அமெரிக்க போஸ்டர்ல ஒரு நல்ல வசதி இருக்கு. 1940-லேருந்து எண்பதுகள் நடுவு வரைக்கும் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்னு ஒரு கம்பெனிதான் பெரும்பாலான ஸ்டூடியோவுக்கு போஸ்டர் விநியோகம். அவங்க கீழ் ஓரத்துல ஒரு நம்பர் போடுவாங்க. 58-னு ஆரம்பிச்சு ஒரு கோடு போட்டு இன்னொரு நம்பர் இருந்தா 1958-ஆம் வருஷம், அந்த வருஷத்துல அது எத்தனாவது படம்ங்கிறது பின்னாடி வர்ற நம்பர். முன்னாடி ஆர்-னு ஒரு எழுத்து இருந்தா மறு ரிலீஸ். உங்க போஸ்டர்ல ஆர் 67-னு இருக்கும் பாருங்க. நம்பரே இல்லைன்னா உடனே போலின்னு முடிவு கட்டாதீங்க, சில ஸ்டூடியோ தனியா அடிச்சதும் உண்டு, 40-க்கு முன்னாடி இந்த நம்பரே கிடையாது.

கேள்வி: போட்டோவ மட்டும் பாத்து ஒரிஜினலா ரீபிரிண்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கைக்கு வந்தப்புறம் எப்படிப் பாக்கணும்? (திருநெல்வேலி, சேலம், பெங்களூருலேருந்து பல பேர்)

முதல்ல அளவு. எண்பதுகளுக்கு முந்தின அமெரிக்க ஒன் ஷீட் 27-க்கு 41 இன்ச், அதுக்கப்புறம் வந்தது பெரும்பாலும் 27-க்கு 40. 24-க்கு 36-னு போட்டிருந்தா அது சுவத்துல மாட்ட கடையில வித்தது, பேச்சே இல்ல. லாபி கார்டு 11-க்கு 14, இன்சர்ட்டுங்கிற ஒடுக்கமான நீள போஸ்டர் 14-க்கு 36, ஹாஃப் ஷீட்டுங்கிற படுக்கை போஸ்டர் 22-க்கு 28. பிரிட்டிஷ் குவாடு 30-க்கு 40, படுக்கை வசத்துல இருக்கும். விக்கிறவர் அளவே போடலைன்னா கேளுங்க, டேப்ப வெச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அதுக்கு மழுப்பினா விட்டுடுங்க.

ரெண்டாவது மடிப்பு. எண்பதுகள் ஆரம்பம் வரைக்கும் போஸ்டர எல்லாம் எட்டா மடிச்சுதான் தியேட்டருக்கு அனுப்பினாங்க. நம்ம ஆளுங்க மடிப்பு இருந்தா பழுதுன்னு ஒதுக்குறாங்க, 1958 போஸ்டர் மடிப்பே இல்லாம பளபளன்னு சுருட்டி வந்தாத்தான் எனக்கு சந்தேகம் வரும் (சுருட்டின அசலும் கொஞ்சம் உண்டு, ஆனா காரணம் கேக்கணும்). அதே மாதிரி மூலையில குண்டூசி ஓட்டை, பின்பக்கம் தியேட்டர்காரர் பென்சில்ல எழுதின தேதி, இதெல்லாம் அந்தக் காகிதம் அந்த வருஷத்துல வேலை பாத்ததுக்கு அடையாளம்.

கைக்கு வந்தா பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ் ஒண்ணு போதும். முப்பதுகளோட கல் அச்சு போஸ்டர லென்ஸ்ல பாத்தா கலர் எல்லாம் சாக்பீஸ்ல தேச்ச மாதிரி ஒழுங்கில்லாத மணல் மணலாத் தெரியும், வரிசையா புள்ளி இருக்காது. பிற்பாடு வந்த ஆஃப்செட் அச்சுல அசலுக்கும் புள்ளி இருக்கும், அதனால படத்துல புள்ளி இருக்குன்னு பயந்துடாதீங்க, எழுத்துக்குப் போங்க. கீழ நடிகர் பேர், காப்பிரைட் வரி அதெல்லாம் பொடி எழுத்து. அசல்ல அது கெட்டியான ஒரே கறுப்பு, ஓரம் கத்தி மாதிரி வெட்டா இருக்கும். அசல ஸ்கேன் பண்ணி அடிச்ச ரீபிரிண்ட்ல அந்தப் பொடி எழுத்துக்குள்ளயே நீலமும் சிவப்பும் மஞ்சளுமா புள்ளி சிதறிக் கிடக்கும், ஓரம் கரைஞ்சிருக்கும். இன்னொண்ணு, மடிப்புக் கோடு வெள்ளையாத் தெரியுது, ஆனா விரல வெச்சுத் தடவினா வழவழன்னு இருக்குன்னா அது மடிப்போட படம், மடிப்பு இல்ல.

ரூபாய் நோட்டு செக் பண்ற ஊதா லைட்ட இருட்டு ரூம்ல அடிச்சுப் பாருங்க. ஐம்பதுகளுக்கு அப்புறம்தான் காகிதத்துல வெண்மை கூட்டுற கெமிக்கல் பரவலாச்சு, அது இருந்தா நீலமா மின்னும். 1935-னு சொல்ற காகிதம் பளிச்சுன்னு மின்னினா பணத்தத் திருப்பிக் கேளுங்க. இந்த ஒரு சோதனைய மட்டும் நம்பவும் கூடாது, ஏன்னா 2009 வாக்குல அமெரிக்காவுல பெரிய கலவரமே ஆச்சு, யுனிவர்சல் பேய்ப்பட லாபி கார்டு, போஸ்டர்னு பெரிய பெரிய விலைக்கு வித்ததுல நிறைய போலின்னு தெரிஞ்சு வித்தவர் கோர்ட்ல தண்டனை வாங்கினார். பல வருஷம் இதுலயே ஊறின கலெக்டருங்களே வாங்கியிருந்தாங்க. அதனால பெரிய தொகைன்னா பேப்பர் சோதனையோட சேத்து இது யார்கிட்ட இருந்து வந்துச்சு, இதுக்கு முன்னாடி எந்த ஏலத்துல வந்துச்சுன்னு சங்கிலிய விடாம கேளுங்க. சர்டிபிகேட்டுனு ஒரு தாள் குடுத்தா அத வெச்சு முடிவு பண்ணாதீங்க, யாரு வேணா பிரிண்ட் போடலாம்.

கேள்வி: கண்டிஷன் ரிப்போர்ட்ல ‘லினன் பேக்டு’னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா? (புதுச்சேரி வாசகர்)

போஸ்டருக்குப் பின்னாடி மெல்லிசான ஜப்பான் பேப்பரும் கேன்வாஸ் துணியும் கோதுமைப் பசையால ஒட்டிப் பலப்படுத்தியிருக்காங்கன்னு அர்த்தம். தண்ணில கழட்டிடலாம்ங்கிறதால அது பாதிப்பு இல்லாத முறை. மடிப்புல பிஞ்சு போன போஸ்டருக்கு இது வாழ்வு குடுக்கும். ஆனா துணி ஒட்டினா பின்பக்கம் மறைஞ்சு போயிடும், மேல பிரஷ் வெச்சு எவ்ளோ பெயின்ட் பண்ணியிருக்காங்கங்கிறதும் போட்டோவுல தெரியாது. அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க. முகத்துல ரீடச் பண்ணியிருந்தா நான் தள்ளிப் போவேன், ஓரத்துல வெள்ளை பார்டர்ல பண்ணியிருந்தா கவலையே பட மாட்டேன். ஏல கம்பெனி பெரும்பாலும் உள்ளது உள்ளபடி விப்பாங்க, அப்புறம் திருப்பிக் குடுக்கிறது கஷ்டம், கேக்க வேண்டியத ஏலத்துக்கு முன்னாடியே கேட்டுடணும்.

கேள்வி: மாசம் ரெண்டாயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். இதெல்லாம் எனக்கு எட்டுமா அண்ணா? (ஈரோடு, கல்லூரி மாணவர்)

எட்டும் தம்பி. லாபி கார்டுல ஆரம்பிங்க. ஒரு படத்துக்கு எட்டு கார்டு செட்டு, முதல் கார்டுல டைட்டில் ஓவியம் இருந்தா அதுக்கு விலை அதிகம், ஹீரோ ஹீரோயின் இருக்கிறது அடுத்தது, ரெண்டுமே இல்லாத காட்சிய டெட் கார்டுனு ஒதுக்குவாங்க, அது கொள்ளை மலிவு. உங்களுக்குப் பிடிச்ச குணச்சித்திர நடிகர் அதுல இருந்தா வேற என்ன வேணும். அனுப்புற செலவு குறைய நாலஞ்சு லாட்ட சேத்து ஒரே பார்சலா கேளுங்க. ஏலம் எடுக்கலைன்னாலும் ஹெரிடேஜ் மாதிரி இடங்கள்ல இலவசமா பதிஞ்சுக்கிட்டு பழைய ஏல விலைகளையும் பெரிய போட்டோக்களையும் பாக்கலாம், ஆறு மாசம் அத மட்டும் பாத்தாலே கண்ணு பழகிடும்.

கேள்வி: எம்.ஜி.ஆர், சிவாஜி பட போஸ்டர் ஏலத்துல வருதா? வாங்குறப்போ என்ன பாக்கணும்? (மதுரை வாசகர்)

வருது, ஆனா இந்திப் படம்தான் அதிகம். மும்பைல ஓசியான்ஸ் மாதிரி கம்பெனிங்க சினிமா காகிதத்த ஓவியத்துக்கு சமமா ஏலத்துல வெச்சாங்க, தமிழுக்கு அந்த மாதிரி ஒரு மேடை இன்னும் சரியா அமையலங்கிறது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம். இங்க போஸ்டர் பிறந்ததே சுவருக்காக, பசை வாளில முக்கி ஒட்டினா அது திரும்பி வராது. ஒட்டாம அச்சகத்துலயோ விநியோகஸ்தர் ஆபீஸ்லயோ தங்கினதுதான் இப்ப கைமாறுது.

நம்ம போஸ்டர் அளவு பெரும்பாலும் 30-க்கு 40. அமெரிக்காவுல இருக்கிற அந்த வருஷ நம்பர் இங்க கிடையாது, எம்.ஜி.ஆர் படம் எல்லாம் திரும்பத் திரும்ப ரிலீஸ் ஆகி ஒவ்வொரு ரவுண்டுக்கும் போஸ்டர் அடிச்சாங்க. கர்ணன் 1964 படம், 2012-ல புதுப்பிச்சு விட்டாங்க. ஆயிரத்தில் ஒருவன் 1965, 2014-ல திரும்ப வந்துச்சு. அந்த புது போஸ்டர பழசுன்னு விக்கிறவங்க இருக்காங்க, கீழ அச்சகம் பேரும் விநியோகஸ்தர் பேரும் பாருங்க, பொடி எழுத்து கம்ப்யூட்டர் எழுத்தான்னு பாருங்க. இன்னொரு சோதனை நமக்கு மட்டுமே இருக்கு: 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு, அதுக்கு முன்னாடி லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை போட்ட ஐகாரம், றா, னா, ணா எல்லாம் சுழிச்ச வடிவம். 1965-னு சொல்ற போஸ்டர்ல இந்த எழுத்தெல்லாம் இன்னைக்கு நாம எழுதுற மாதிரியே இருந்தா விக்கிறவர்கிட்ட விளக்கம் கேளுங்க. பழைய வடிவம் இருந்தா மட்டும் அசல்னு சொல்லிட முடியாது, கையால தலைப்பு எழுதின ஓவியருங்க 78-க்கு அப்புறமும் பழக்கத்துல அப்படியே எழுதினாங்க.

பாட்டுப் புத்தகத்தையும் விட்டுடாதீங்க, போஸ்டர விட மலிவு, அட்டை ஓவியம் பிரமாதமா இருக்கும், கதைச் சுருக்கமும் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அசல் எப்படி இருக்கும்னு கண்ணால பாக்கணும்னா சென்னை ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க, பழைய தமிழ் அச்சுச் சரக்கு அங்க நிறைய காப்பாத்தி வெச்சிருக்காங்க.

கேள்வி: நிலம், தங்கத்துக்குப் பதிலா போஸ்டர்ல முதலீடு பண்ணலாமா? (ஓசூர் வாசகர்)

வேணாம் சார். விக்கப் போறப்பவும் ஏல கம்பெனி கமிஷன் எடுக்கும், ரசனை மாறினா விலை இறங்கும், அவசரத்துக்குக் காசாகாது. அந்தப் படம் பிடிக்கும், தினம் பாக்கணும்னு தோணுதுன்னா வாங்குங்க.

கேள்வி: ரெண்டு வாரத்துல என் முதல் போஸ்டர் வருது. லேமினேட் பண்ணி மாட்டலாம்னு இருக்கேன். சரியா? (நாகர்கோவில் வாசகி)

லேமினேஷன் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க மேடம், கெஞ்சிக் கேக்குறேன். சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்க அப்புறம் எடுக்கவே முடியாது, அதோட அந்தக் காகிதத்துக்கு ஏல மதிப்பும் போச்சு, ஆயுசும் போச்சு. கிழிசலுக்கு செல்லோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகி காகிதத்துக்குள்ள இறங்கிடும். ஃபிரேம் போடுறவர்கிட்ட ஆசிட் இல்லாத அட்டையும், புற ஊதாக் கதிர தடுக்கிற அக்ரிலிக் ஷீட்டும் கேளுங்க, ஷீட்டுக்கும் போஸ்டருக்கும் நடுவுல இடைவெளி விடச் சொல்லுங்க, இல்லைன்னா உங்க ஊரு ஈரக்காத்துல ரெண்டும் ஒட்டிக்கும். போஸ்டர அட்டையில ஃபெவிகால் போட்டு ஒட்டுறேன்னு சொன்னா வேற கடை பாருங்க. மழைக்கு ஓதம் ஏறுற வெளிச்சுவர்ல மாட்டாதீங்க, நேர் வெயில் வேணாம். துணி ஒட்டின போஸ்டர்னா கோதுமைப் பசைக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும், மாசம் ஒரு தடவ ஃபிரேம கழட்டி பின்பக்கம் பாத்துடுங்க.

பார்சல் வந்ததும் பிரிக்கிறத முழுசா வீடியோ எடுங்க, உருளைக்கு உள்ள பிளேட விடாம மூடியோட டேப்ப மட்டும் ஓரமா அறுங்க. ஏதாவது நசுங்கியிருந்தா அன்னைக்கே ஏல கம்பெனிக்கு போட்டோவோட மெயில் போட்டுடுங்க, இன்சூரன்ஸ் கேக்க நாள் கணக்கு உண்டு.